அந்த மெயிலை விட்டுட்டு அடிங்க

ஏழு மெயிலும் ஒன்றரைத் தாளில் அடங்கிவிட்டன. அடங்கிய அடக்கம் அப்படி! கடுகைக் கொட்டிப் பரப்பிய மாதிரி வரிவரியாகக் கறுப்பாக ஏதோ தெரிந்ததே தவிர, ஒரு எழுத்துகூட எழுத்தாகத் தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பிய லிஃப்ட்காரர் அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல முகம் கழுவப் போனார். அவருடைய மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தாள், மாட்டியும் பார்த்தாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களே போதும். புருஷன் வீட்டில் அவளுக்கு மிளகாய் என்றுதான் பெயர்.

நடந்தது இதுதான். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால், அங்கே தரை துடைக்கிற அம்மா தண்ணீர் வாளியை லிஃப்டுக்குள் இழுக்கும்போது கதவு மூடிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. குறுக்கே கை இருந்தால் கதவைத் திரும்பத் திறக்கவைக்கிற சென்சார் அன்றைக்கு வேலை செய்யவில்லை. பழுது இருப்பதாக லிஃப்ட்காரர் தன்னிடம் மூச்சுக்கூட விடவில்லை என்று கட்டட மேனேஜர் விபத்து விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூச்சு விடவில்லையாம். முதல் மெயிலை அவர் எழுதியதே இந்த மேசையில்தான். பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவளே அவள்தான். கதவு சென்சார் விட்டு விட்டு வேலை செய்கிறது, மாற்றும்வரை லிஃப்டை நிறுத்திவைக்க அனுமதி வேண்டும், யாருக்காவது கைகால் போய்விடும் என்று அதில் இருந்தது. கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று அவர் இழுத்தபோது, இருக்கட்டும், உறைக்கட்டும் என்று சொன்னதும் அவள்தான். அதற்குப் பிறகும் மூன்று நான்கு தடவை எழுதினேன் என்று சொல்லியிருந்தார்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். மெயிலை நேராக மெயில் பெட்டியிலிருந்தே அச்செடுத்துக் கொடுக்க வேண்டும், அனுப்பியவர் பெயரும் தேதியும் தலைப்பில் இருக்க வேண்டும். நகல் எடுத்து வேறொரு தாளில் ஒட்டியது செல்லாது, செல்போனை நீட்டுவதும் செல்லாது. அதனால் காலையில் கொழுந்தன் அடித்துக் கொடுத்ததைக் கொண்டுபோயிருந்தார். விசாரணைத் தலைவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார். அடுத்தவர் மூன்றாமவரிடம் தள்ளினார். மூன்றாமவர் தலைகீழாகப் பிடித்துப் படித்தார், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாளைப் பகல் பன்னிரண்டுக்குள் படிக்கிற மாதிரி கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மேனேஜர் கடிதத்தை வைத்தே முடித்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படி முடித்தால் லைசென்ஸ் போய்விடும். இருபத்திரண்டு வருஷம் லிஃப்டைத் தவிர வேறொன்றையும் தொட்டறியாத மனுஷன், அதற்கப்புறம் எந்தக் கட்டடத்து வாசலில் போய் நிற்பார்?

மேனேஜரின் கடிதம் மட்டும் ஒரே பக்கம், எதிர்வீட்டிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"முயற்சி பண்றேன்னு சொன்னேன்."

முயற்சி! அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். தன் தலையில் மண் விழுகிறது, இந்தக் கல்லுளிமங்கன் முயற்சி பண்ணுவாராம். மிஷின் ஏன் இப்படி அடித்தது என்று ஒரு வார்த்தை கேட்க வாயில்லை. இன்னொரு நாள் கொடுங்கள் என்று சண்டை போட வாயில்லை. அவர் வாயில்லாதவர் என்று தெரிந்துதான் அந்த மேனேஜர் அவர் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்று கத்தினாள். மிளகாய் என்றதும் கதவருகே நின்ற கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். தெரியும் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அன்று மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, திரையில் எழுத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு ஆனது. பாருங்க அண்ணி, இப்ப எப்படி என்று பெருமையாகத் தட்டினார். மிஷின் கரகரவென்று இழுத்துத் துப்பியது. அதே கடுகு. பிரிண்டர் மை சரியில்லை என்றார், தாள் சரியில்லை என்றார், மிஷினை அணைத்துப் போட்டார். எழுத்தின் அளவை இருபதாக மாற்றி இன்னொருமுறை அடித்தார். இந்த முறை கடுகு கொஞ்சம் தடித்து வந்தது, அவ்வளவுதான். கடைசியில் அந்தக் கடுகையே ஜெராக்ஸ் எடுத்துப் பெரிதாக்கலாம் என்று ஓடினார். எல்லாம் மழையில் நனைந்த மாதிரி திட்டுத்திட்டாக வந்து சேர்ந்தது.

"தம்பி, திரையில பெருசாக்கினா திரையிலதான் பெருசா இருக்கும். மிஷின் வேற ஏதோ கணக்குல சுருக்குது. அந்தக் கணக்கு என்னன்னு தெரியாம நீங்க எவ்வளவு தட்டினாலும் விடியாது," என்றாள். கொழுந்தன் முகம் வாடியது. அவள் கவலைப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவில் லிஃப்ட்காரர் மூலையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறைதான் எழுந்து வந்தார். கொழுந்தன் திரையில் மெயில்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனபோது, மேலே இருக்கறதே போதும்டா, கீழே எல்லாம் பழசு, போகாதே என்றார். கொழுந்தனும் போகவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நேரத்தில் செருப்பு தைக்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது என்பதிலேயே அவள் மனம் இருந்தது.

மறுநாள் காலை தலை வாரும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அவள் வேலை பார்ப்பது படங்களுக்கு ஃபிரேம் போடுகிற கடையில். போன மாதம் ஒருவர், அறுபது பேர் ஒரே வரிசையில் நிற்கிற ஒரு நீளப் போட்டோவைக் கொண்டுவந்து, மேசைமேல் வைக்கிற சின்ன ஃபிரேமுக்குள் முழுசாக வர வேண்டும் என்று அடம்பிடித்தார். முழுசாகத்தான் வந்தது. முகங்கள்தான் அரிசியளவு ஆகிவிட்டன. ஓரத்தில் நிற்கிற இரண்டு பேரைச் சேர்ப்பதற்காக நடுவில் இருக்கிற அத்தனை பேரும் சுருங்க வேண்டியதாயிற்று. அகலமான ஒன்றைச் சின்னதுக்குள் அடைத்தால் கூட இருக்கிறதெல்லாம் சேர்ந்துதான் சுருங்கும். இந்த ஏழு மெயிலுக்குள் எங்கேயோ அகலமாக ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது. சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு, கிளம்புங்க என்று புருஷனை உலுக்கினாள்.

தெருமுனைப் பிரிண்ட் கடையை நடத்துகிற அம்மா யாருக்கும் சிரித்துப் பேசாதவள், ஆனால் வேலை தெரிந்தவள். லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கி மெயில் பெட்டியைத் திறந்து கொடுத்தார். இதுக்குள்ள அகலமா ஏதாவது இருக்கானு பாருங்கம்மா என்றாள் இவள். கடைக்காரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், ஆறாவது மெயிலில் நின்றாள். மேனேஜர் அனுப்பியது. அதற்குள் முப்பத்தொரு நாளுக்கும் முப்பத்தொரு கட்டம் போட்ட ஒரு பராமரிப்பு அட்டவணையை அப்படியே ஒட்டியிருந்தார். அது திரைக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது, லிஃப்ட்காரரின் பதில். அந்தப் பதிலுக்குக் கீழேயும் அதே அட்டவணை வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதான் விஷயம்," என்றாள் கடைக்காரம்மா. "இந்த அட்டவணை முழுசா தாளுக்குள்ள வரணும்னு மிஷின் எல்லாத்தையும் சுருக்குது. கடைசி ரெண்டையும் விட்டுட்டு, மத்த அஞ்சையும் தனித்தனியா அடிச்சா எழுத்து நல்லா வரும். அடிக்கட்டா?"

"ஆமா, அந்த ரெண்டையும் விட்டுட்டு அடிங்க," என்றார் லிஃப்ட்காரர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது தடவை மென்று விழுங்கிய மனுஷன், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லியிருந்தார். முகத்தில் ஒரு தெளிச்சல்கூடத் தெரிந்தது. மிஷினிலிருந்து ஐந்து மெயிலும் வந்து விழுந்தன. என்ன அழகு! தேதி, பெயர், வரி எல்லாம் பளிச்சென்று இருந்தன. யாருக்காவது கைகால் போய்விடும் என்ற அவளுடைய வரி, முதல் தாளில் கொட்டை எழுத்தில் நின்றது. ஐந்தும் அவர் எழுதியவை, மேனேஜர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. இதைக் கொண்டுபோய் வைத்தால் போதும், மேனேஜர் எழுதிக் கொடுத்த பொய் அங்கேயே பல்லிளிக்கும். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். புருஷன் சொன்ன வேகம்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்த ரெண்டையும் அடிங்க என்றாள். எதுக்கு, வேண்டாமே, நேரமாச்சு என்றார் அவர். நேரம் பத்துகூட ஆகவில்லை. கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய தாள் இருக்கிறதா, அகலவாக்கில் போட்டு, சுருக்காமல் உள்ளபடி அடிக்க முடியுமா என்று இவள் கேட்டாள். முடியும் என்று கடைக்காரம்மா பெரிய தாளைச் செருகினாள். லிஃப்ட்காரர் கடை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

ஆறாவது மெயிலில் அட்டவணைக்குக் கீழே மேனேஜர் நான்கு வரி எழுதியிருந்தார். புது சென்சார் வர இன்னும் பத்து நாளாகும். மேல் மாடிக்காரர்கள் தொந்தரவு தாங்க முடியவில்லை, லிஃப்டை நிறுத்த முடியாது. சென்சார் இணைப்பைக் கழற்றி, அது இல்லாமலே கதவு மூடும்படி வயரை நேராகச் சேர்த்துவிட்டு ஓட்டு. பதினான்காம் தேதிக் கட்டத்தில் சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது என்று நான் போட்டுக்கொள்கிறேன். ஏழாவது மெயிலில் ஒரே வரி இருந்தது. 'ஐயா, சொன்னபடி கழற்றிவிட்டேன், லிஃப்ட் ஓடுகிறது.' தேதியைப் பார்த்தாள். விரல் போவதற்கு மூன்று நாள் முன்பு.

அவள் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அட்டவணையை எழுதியவனுக்கும் பதில் எழுதியவருக்கும் ஒரே ஆசைதான் இருந்திருக்கிறது, இது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று. நேற்றுச் சாயங்காலம் அவள் தொண்டை கிழியக் கத்தியபோது, மூலையில் செருப்பு தைத்துக்கொண்டே இந்த மனுஷன் கடுகுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

வாசலுக்குப் போய்த் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்னங்க?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "தெரியாம நடந்துபோச்சுன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். கவனக்குறைவுன்னு சொல்லி வேலைய எடுத்தாக்கூடப் பரவால்ல. தெரிஞ்சே ஓட்டினேன்னு உனக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன். அந்த அம்மாவுக்கும்."

அவள் தெருவென்றும் பாராமல் பிடித்துக்கொண்டாள். அஞ்சு தடவை எழுதின கைதானே, ஆறாம் தடவை முடியாதுன்னு எழுத அதுக்கு என்ன வந்தது? ஒரு பலகையில ஓட்டாதேன்னு எழுதித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கழற்றுன்னா கழற்றிடறதா? அவன் குதிக்கச் சொன்னா எட்டாம் மாடியிலேர்ந்து குதிப்பீங்களா? தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார், அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அடங்கியிருப்பாள்.

கடைக்காரம்மா இரண்டு கட்டாகத் தாள்களை எடுத்துவைத்திருந்தாள். ஒன்றில் ஐந்து மெயில். இன்னொன்றில் அகலத் தாள் இரண்டு. விசாரணை அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஐந்தை மட்டும் கொடுத்தால் புருஷன் தப்பிவிடுவார். எல்லாவற்றையும் கொடுத்தால் மேனேஜரும் மாட்டுவான், இவரும் மாட்டுவார். மேனேஜர் இந்த இரண்டையும் வெளியே எடுக்கப்போவதில்லை, அது அவனுக்கே ஆப்பு. ஆக, அகலத் தாளை ஜன்னல் வழியே விட்டெறிந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், அவள் ஒருமுறை ஜன்னல் கண்ணாடியை நகர்த்தவும் செய்தாள். இருபத்திரண்டு வருஷம். வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்பு, எல்லாம் அந்த லைசென்ஸில்தான் நிற்கிறது. நாசமாய்ப் போகிற அட்டவணை, நாசமாய்ப் போகிற மேனேஜர், எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷன். யாரை என்ன செய்தால் ஆத்திரம் தீரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலை மறுபடி மூடினாள்.

அலுவலக நடையில் நீள பெஞ்சு ஒன்று கிடந்தது. அதன் ஓரத்தில் தரை துடைக்கிற அம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு. சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தார்களாம். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், பழக்கம். அவர் பத்தடி தள்ளிச் சுவரோரம் நின்றுவிட்டார். அந்த அம்மா இவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். இவள் தாள்களை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு முன்னாடியே எழுதினாராமே, கதவு சரியில்லன்னு," என்றாள் அந்த அம்மா. "இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. அதானே பார்த்தேன், அவரு நல்ல மனுஷனாச்சேன்னு. அப்புறம் யாருதான் ஓட்டச் சொன்னது? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்மா. ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் மிகச் சின்னதாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினாரா, கொடு என்று ஆட்டினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் நிற்கவில்லை. அகலத் தாள்களை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.

இரண்டு கையால் விரித்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிற தாள். அந்த அம்மா இடது கையால் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். மறு ஓரம் மடங்கி விழுந்தது. கட்டுப்போட்ட கை தானாக எழுந்து, பாதியிலேயே நின்றது. லிஃப்ட்காரர் மனைவி சட்டென்று மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அந்த அம்மா வாயசைத்து மெதுவாகப் படித்தாள். மேனேஜரின் நான்கு வரியைப் படித்தாள். பிறகு அடுத்த தாள். அதிலிருந்த ஒரு வரிக்கு அந்த அம்மா நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். எழுத்து நல்ல பெரிதாக இருந்தது.

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, லிஃப்ட்காரர் வரலாம் என்றார். அவர் அசையவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து, சுவரோரம் நின்றவரைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையில நான் வாளியத் தூக்கிட்டு வரும்போது நீங்க அங்கதானே நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் படியேறிப் போயிருப்பேனே," என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

மனைவி எழுந்து போய் ஐந்து தாளையும் இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்து அவர் கையில் திணித்தாள். "ஏழும் இருக்கு. கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே கடைசியிலேர்ந்து படிங்க. சத்தமா படிங்க. இவங்களுக்கு இங்க வரைக்கும் கேக்கணும்," என்றாள். அவர் உள்ளே போனார். கதவை மூட வந்த ஆளை அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவன் திறந்தபடியே விட்டுவிட்டான்.

அவள் திரும்பி வந்து பெஞ்சில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஒரு பொட்டும் குறையவில்லை. உள்ளே புருஷன் தொண்டையைச் செருமிக்கொள்வதும், பிறகு படிக்க ஆரம்பிப்பதும் கேட்டன.